கடைசி இன்டர்மீடியட்

மூன்று பல்கலைக்கழகங்கள் இனி ஒன்றாகச் சேர்ந்துதான் சிந்திப்பது என்று முடிவெடுத்த வருஷத்தில், அவற்றுக்குச் சிந்திக்க விஷயம் எதுவும் இருக்கவில்லை. அது யாருடைய குற்றமும் அல்ல. இரண்டு வருஷ இன்டர்மீடியட் வகுப்பை ஒழித்துவிட்டு ஒரு வருஷ பி.யூ.சி.யைக் கொண்டுவருகிற பெரிய காரியம், அவை தனித்தனியாகச் சிந்தித்துக்கொண்டிருந்த காலத்திலேயே முடிந்துபோயிருந்தது. ஆனாலும் உயர்கல்விக் கொள்கையை வகுப்பதில் பல்கலைக்கழகங்கள் கைகோத்து நடக்கவேண்டும் என்று ஒரு பட்டமளிப்பு விழாவில் யாரோ பேசிவிட்டார்கள். பேசியதைப் பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள். ஆகவே கூட்டுக் கொள்கைக் குழு என்று ஒன்று அமைந்தது. அதற்குச் சென்னையில் ஒரு கட்டடமும், ஒரு ஜீப்பும், தாண்டவராயன் என்று ஒரு செயலாளரும், வேதகிரி என்று ஒரு பியூனும் கிடைத்தார்கள்.

குழுவின் முதல் வருஷம் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் எந்த வரிசையில் எழுதுவது என்பதிலேயே கழிந்தது. அந்தத் தகராறுக்குள் நாம் போகவேண்டாம். பெரிய பல்கலைக்கழகம், நடுப் பல்கலைக்கழகம், புதுப் பல்கலைக்கழகம் என்று வயதை வைத்துச் சொல்லிக்கொள்வோம். வரிசைத் தகராறும் தீர்ந்த பிறகு செயலாளர் தாண்டவராயன் காலையில் வந்து, மேஜையின் மேல் கைகளை வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அவர் கடமையுணர்வு மிகுந்தவர். சும்மா இருப்பதைக்கூட நேரத்துக்கு வந்து செய்தார்.

இந்த நிலையில்தான் காவாந்தண்டலம் என்கிற கிராமத்திலிருந்து மார்த்தாள் வந்து சேர்ந்தாள்.

மார்த்தாளின் அப்பா சாமுவேல் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அவர்கள் உதவியிலேயே சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தவள் அவள். இறுதிப் பரீட்சையில் கடைசித் தாள் தர்க்க சாஸ்திரம். அதற்கு முந்தின நாள் சாமுவேலை வரப்பில் பாம்பு கடித்தது. அடக்கம் முடிந்து அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது கட்டில்களெல்லாம் காலியாக இருந்தன. மற்றத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். தர்க்கம் மட்டும் நின்றது. அதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள் இன்டர்மீடியட்டையே எடுத்துவிட்டார்கள். பாக்கி வைத்திருந்தவர்களுக்காக ஒரே ஒரு தரம் பரீட்சை நடந்தது. அதன் அறிவிப்பு ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. காவாந்தண்டலத்தில் ஆங்கிலப் பத்திரிகை படிக்கத் தெரிந்தவள் மார்த்தாள் ஒருத்திதான். ஆனால் அந்தப் பத்திரிகைதான் ஊருக்கு வருவதில்லை.

அவள் நடவுக்குப் போனாள். சேற்றில் இறங்கி வரிசையில் நின்றால் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் பேச்சு அவளைத் தாண்டிப் போய்விடும். இந்தப் பக்கத்துக்காரி அந்தப் பக்கத்துக்காரியிடம் குழந்தைக்கு வந்த மாந்தத்தைப் பற்றிச் சொல்வாள். நடுவில் குனிந்திருக்கிறவளிடம் சொல்லமாட்டாள். அவர்களுக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. காலேஜில் படித்தவளிடம் மாந்தத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சம். அவளுக்கும் அப்படித்தான். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரியோடு சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் எதையாவது வாதாடிக்கொண்டிருந்தவள், இங்கே வந்த பிறகு வாய் திறக்க விஷயம் தேடினாள். கிடைக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் செய்யாற்று மணலில் தனியாக உட்கார்ந்து, படித்த பாடத்தைத் தானே சொல்லித் தானே மறுத்துப் பேசிப் பார்ப்பாள். இரண்டு பக்கத்தையும் ஒருத்தியே பேசினால் வாதத்தில் ருசி இருப்பதில்லை. எப்படியாவது பி.ஏ.யில் சேர்ந்துவிட்டால் பேச நாலு பேர் இருப்பார்கள் என்பதுதான் அவளுடைய ஆசை. பட்டத்தைக்கூட அவள் அவ்வளவாக நினைக்கவில்லை.

அம்மா சிட்டம்மாள்தான் அவளைக் கிளப்பினாள். "எழுதிட்டுத்தான் வாயேன். ஒண்ண பாதியில வுட்டுட்டு எத்தினி நாளு இப்பிடி குந்திகினு இருப்ப?" என்றாள்.

பெரிய பல்கலைக்கழகத்தில் மார்த்தாளை ஜன்னல் ஜன்னலாக அனுப்பினார்கள். இன்டர்மீடியட் என்று ஒன்று இப்போது இல்லை, இல்லாத ஒன்றில் பாக்கி இருக்க முடியாது என்று ஒரு குமாஸ்தா அவளுக்கு விளக்கினார். தர்க்கப்படி அவர் சொன்னது சரி என்று மார்த்தாளுக்குப் பட்டது. ஆனால் அவள் நகரவில்லை. கடைசியில், மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றாகச் சேர்ந்துதான் இனி எதையும் முடிவு செய்யும் என்று சொல்லி, கூட்டுக் குழுவின் விலாசத்தைக் கொடுத்தார்கள்.

தாண்டவராயன் அவள் சொன்னதை முழுதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வேலையோடு நுழைந்த முதல் ஆள் அவள்.

"நீ ஒருத்திதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். "உன்னை மாதிரி இன்னும் பத்துப் பேர் இருந்தா உடனே ஒரு பரீட்சை வெச்சு அனுப்பிடலாம். அதுல கொள்கை ஒண்ணும் கிடையாது. ஒருத்திதான்னா அது பெரிய விஷயம்."

மார்த்தாள் தெரியாது என்றாள். அவர் மாகாணம் பூராவும் விசாரித்தார். மற்றவர்கள் எழுதித் தேறியிருந்தார்கள், அல்லது போலீஸில் சேர்ந்திருந்தார்கள், கல்யாணம் ஆகியிருந்தார்கள், செத்திருந்தார்கள். எஞ்சியவள் அவள் மட்டுமே. அடுத்த தரம் அவள் வந்தபோது செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "நீ மாணவி இல்லேம்மா. நீதான் எங்க பிரச்சனை" என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி வேதகிரியிடம் உத்தரவிட்டார்.

பிரச்சனை கிடைத்ததும் குழு சுறுசுறுப்பாகியது. பழைய மாணவி என்பதால் பரீட்சையைத் தானே நடத்திவிடுவதாகப் பெரிய பல்கலைக்கழகம் சொன்னது. அப்படியானால் கூட்டுறவு என்ன ஆகிறது என்று நடுப் பல்கலைக்கழகம் கேட்டது. கேள்வி எடுப்பது, பரீட்சை நடத்துவது, திருத்துவது எல்லாவற்றையும் மூவருமாகச் சேர்ந்தே செய்யலாம் என்றது புதுப் பல்கலைக்கழகம். அதன்படியே ஆயிற்று. ஆனால் மூன்று பல்கலைக்கழகங்களிலும் தர்க்கத்துக்கு வெவ்வேறு பாடப்புத்தகம் இருந்தது. ஒன்றை வைத்தால் மற்ற இரண்டுக்கும் அவமரியாதை என்பதால் மூன்றையும் படிக்கவேண்டும் என்று மார்த்தாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு புத்தகம் சரியென்றதை இன்னொன்று தப்பு என்றது. செய்யாற்று மணலில் இப்போது அவளுக்கு வாதாட மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். அந்த நாட்கள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தன.

பிறகு யாரோ, மாணவர்களைப் பற்றிய கொள்கையில் மாணவர் பிரதிநிதி இல்லாவிட்டால் அது ஜனநாயகம் ஆகுமா என்று ஒரு கேள்வியைக் கிளப்பினார்கள். பிரதிநிதி என்றால் தேர்தல் வேண்டும். தேர்தல் என்றதும் நடுப் பல்கலைக்கழகத்துச் சரித்திரப் பேராசிரியர் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த ஊர். பிரச்சனையும் அந்தத் தாலுகாவிலேயே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்றார். குழு முழுவதும் உத்திரமேரூருக்கு வந்து டிராவலர்ஸ் பங்களாவில் இறங்கியது.

ஜீப்பிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் இறங்குவதைப் பார்த்த ஊர்ஜனங்கள், அம்மை குத்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடாமல் நின்ற சில பெரியவர்கள் முன்னால் தாண்டவராயன் பேசினார்.

"பல்கலைக்கழகம் இன்று கிராமத்தைத் தேடி வந்திருக்கிறது. ஏன் வந்திருக்கிறது? கிராமம் பல்கலைக்கழகத்தைத் தேடி வந்தால் அங்கே உட்கார இடம் போதாது. அதை உத்தேசித்தே நாங்கள் வந்துவிட்டோம்" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

கல்வெட்டு இருக்கிற மண்டபம் கோயிலைச் சேர்ந்தது. மார்த்தாள் வேதக்காரப் பெண், அதாவது கிறிஸ்தவப் பெண்; அதிலும் சேரிப் பெண். சட்டம் ஒன்றும் தடுக்கவில்லைதான், ஆனாலும் எதற்கு வம்பு என்று குழுவே யோசித்து அவளை வெளியில் வேலியோரம் நிற்கச் சொன்னது. அவளை வெளியில் நிறுத்திவிட்டு அவளைத் தேர்ந்தெடுக்க உள்ளே போனார்கள்.

புதுப் பானை ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். பனையோலை நறுக்கில் ஒரு பெயர் எழுதி அதற்குள் போட்டார்கள். ஒரே ஓலை என்பதால் குலுக்கத் தேவையில்லை என்றார் ஒருவர். குலுக்காத தேர்தல் செல்லாது என்றார் சரித்திரப் பேராசிரியர். நன்றாகக் குலுக்கினார்கள். ஓலையை எடுக்கப் பேதமறியாத ஒரு பாலகன் வேண்டும் என்று கல்வெட்டில் இருக்கிறது. பாலகர்கள் எல்லாரும் அம்மைக்குப் பயந்து ஓடிவிட்டதால், குழுவிலேயே வயதில் மூத்தவரான பேராசிரியர் ஒருவரை எடுக்கச் சொன்னார்கள். அவருக்கும் எந்தப் பேதமும் தெரிவதில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு, வெகுநேரம் துழாவி, ஓலையை எடுத்து, "மார்த்தாள்" என்று படித்தார். கைதட்டல் வெளியே வேலி வரைக்கும் கேட்டது.

கைதட்டல் அடங்கியதும் சரித்திரப் பேராசிரியர் கல்வெட்டின் மிச்ச வரிகளையும் படித்தார். தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வேதக்காரி என்பதும் வேதம் தெரிந்தவர் என்பதும் ஒன்றாகுமா என்று மட்டும் கொஞ்சம் விவாதித்தார்கள். மற்றவற்றில் விவாதத்துக்கே இடமில்லை. தேர்தல் மாபெரும் வெற்றி என்றும், பிரதிநிதியின் இடம் காலி என்றும் தீர்மானம் எழுதினார்கள்.

வேதகிரிதான் வெளியே வந்து சொன்னான். "உன் பேருதாம்மா வந்துச்சு. ஆனா நீ இல்லியாம்."

"அப்ப யாருங்க?"

"யாரும் இல்ல. காலியா வுட்டுட்டாங்க" என்றவன், கையிலிருந்த பானையைப் பார்த்து, "இத்த ஜீப்புல ஏத்துனா ஒடஞ்சிடும். நீயே எடுத்துகினு போ" என்று அவளிடம் கொடுத்தான். அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ஏறுகிறவர்களெல்லாம் தண்ணீருக்கு வந்த பெண் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பரீட்சையும் உத்திரமேரூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பரீட்சைக் கூடம் என்றால் இத்தனை பெஞ்சு இருக்கவேண்டும் என்று விதி இருந்ததால் அத்தனையும் போட்டிருந்தார்கள். மார்த்தாளின் எண் நடு பெஞ்சில் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒருவராக மூன்று மேற்பார்வையாளர்கள் மூன்று மூலையில் நின்றார்கள். மூத்தவர் விதிகளை உரக்கப் படித்தார். பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது என்று அவர் படித்தபோது மார்த்தாள் பழக்கத்தில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அதை மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் பரீட்சை எழுதினபோது கூடத்தில் வளையல் சத்தம் இருக்கும். யாராவது தும்முவார்கள். கேள்வித்தாளைப் பார்த்து யாராவது 'ஐயோ' என்று மூச்சு விடுவார்கள்; நமக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான் கஷ்டம் என்று அதில் ஒரு தைரியம் வரும். இங்கே அவள் பேனா கீறுகிற சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவது ஒன்றைப் பெறுவது எப்படி என்று உதாரணத்தோடு விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. மூன்று புத்தகங்களும் ஒத்துப்போன ஒரே இடம் அது. எல்லா மனிதரும் சாவார்கள், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் சாவார். அவளுக்கு அது மனப்பாடம். ஆனால் எழுதும்போது அவள் ஆங்கிலத்தில் இப்படி எழுதினாள்: எல்லா மனிதரும் சாவார்கள். சாமுவேல் மனிதர். ஆகவே சாமுவேல் செத்துப்போனார்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்து அவள் சரியாக அழுததுகூட இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள், படித்த பெண் தைரியமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எப்படி அழுவது? இப்போது அழுதாள். மூன்று மேற்பார்வையாளர்களும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பரீட்சை எழுதுகிறவர் அழலாமா கூடாதா என்று அதில் இல்லை. ஆகவே மணி அடிக்கிற வரைக்கும் அவளை அழவிட்டார்கள்.

அந்த விடைதான் குழுவை மூன்றாகப் பிளந்தது. புதுப் பல்கலைக்கழகத்துப் பரீட்சகர், சாமுவேல் என்கிறவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்று மதிப்பெண் கொடுக்க மறுத்தார். நடுப் பல்கலைக்கழகத்துக்காரர், வடிவம் சரியாக இருந்தால் போதும் என்றார். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர் இருவரையும் விட நியாயமானவர். வடிவம் சரிதான், ஆனால் கூற்றுகள் உண்மையா என்று பார்க்காமல் எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டார். எல்லா மனிதரும் சாவார்கள் என்பதைக் குழு விவாதமின்றி ஏற்றுக்கொண்டது. சாமுவேலைப் பற்றித்தான் சந்தேகம். நேரில் போய்ப் பார்த்துவர ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

துணைக்குழு ஜீப்பில் காவாந்தண்டலம் வந்தது. சிட்டம்மாள் நடவிலிருந்து சேற்றுக் காலோடு வந்து அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சிலுவை நட்ட மேட்டைக் காட்டினாள்.

"இங்கதான் கீறாரு" என்றாள்.

தாண்டவராயன் தொப்பியைக் கழற்றினார். ஆள் இறந்தது உறுதி என்று குறித்துக்கொண்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்துப் பரீட்சகர், இன்னும் ஒரு கூற்று பாக்கியிருக்கிறது என்று நினைவூட்டினார். அவர் மார்த்தாளின் அம்மாவைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "தப்பா நினைக்கப்படாதும்மா. உங்க வீட்டுக்காரர் மனுஷர்தானே?" என்று கேட்டார்.

சிட்டம்மாள் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தாள். "நாங்க அப்பிடித்தான் நெனச்சுகினு இருந்தோம். ஊர்ல இன்னா நெனச்சாங்களோ, அவங்களத்தான் கேக்கணும்" என்றாள்.

ஊரில் போய்க் கேட்டார்களா என்பது தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பாதி மதிப்பெண் போட்டார்கள்.

அதோடு முடியவில்லை. எல்லாருடைய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி கண்டு, அதை வைத்துத் திருத்துவது வழக்கம். மார்த்தாளின் மதிப்பெண்ணும் சராசரியும் ஒன்றாகவே இருந்தன. அவள் சராசரிக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்லை என்று புள்ளியியல் பேராசிரியர் ஆச்சரியப்பட்டார். ஒரு வழியாகத் தேறினாள் என்று அறிவித்தார்கள். மாகாணத்தில் முதலாவதாகவும் கடைசியாகவும் அவளே வந்திருந்தாள். இன்டர்மீடியட் சரித்திரத்திலேயே நூற்றுக்கு நூறு பேர் தேறிய ஒரே பரீட்சை அது என்று மூன்று பல்கலைக்கழகங்களும் தனித்தனியே பெருமைப்பட்டுக்கொண்டன.

மார்த்தாள் சென்னைக்கு வந்தாள். செயலாளர் அறையில் அவளுக்கு லட்டு கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இனி பி.ஏ.யில் சேரலாமா என்று கேட்டாள்.

தாண்டவராயன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார். இப்போதிருக்கிற பி.ஏ. மூன்று வருஷம், அது பி.யூ.சி. முடித்தவர்களுக்கு. இன்டர்மீடியட் முடித்தவர்களுக்கான இரண்டு வருஷ பி.ஏ.யை எடுத்தாகிவிட்டது. ஆனால் அவள் கவலைப்படவேண்டாம். குழு கூடிப் பேசிவிட்டது. அவளுக்காக மட்டும் பழைய பி.ஏ.யைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள். மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பாடம் நடத்தும். அவளுக்கென்று ஒரு வகுப்பறை, ஒரு ஹாஸ்டல், ஒரு வார்டன் எல்லாம் ஏற்பாடாகும். அதன் பிறகு எம்.ஏ.

"ஹாஸ்டல்ல வேற யாரு இருப்பாங்கங்க?" என்று மார்த்தாள் கேட்டாள்.

"வேற யாரு? நீதான். மொத்தமும் உனக்குத்தான்."

"வகுப்புல?"

"முழுக் கவனமும் உன்மேலதான். எந்த மாணவிக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பாரும்மா, மனசு விட்டுச் சொல்றேன். இது உன் ஒருத்தியோட படிப்பு மட்டும் இல்லே. நீ இன்னைக்கு வேண்டாம்னு போயிட்டா, நாளைக்கு இந்தக் கட்டடத்துல நாங்க எதைப் பத்திக் கூடிப் பேசறது? ஒருத்தரோட ஒருத்தர் பேசி நாங்க இப்பத்தான் பழகியிருக்கோம்."

அவர் அதை உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். மார்த்தாளுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. நீளமான ஒரு மேஜை, ஒரு தட்டு, தூரத்தில் வார்டன். சாப்பாட்டு மணி அடிக்கிறது. அவள் ஒருத்தி எழுந்து போகிறாள். அந்தக் காட்சி அவள் கண்முன் வந்து நின்றது.

"வேணாங்க" என்றாள்.

ஏன் என்று அவர் கேட்டார். பேச ஆளில்லை என்று சொன்னால், மூன்று பல்கலைக்கழகங்களின் கூட்டுக் கொள்கைக்கு அது ஒரு காரணமாகுமா? "ஊட்டுக்குப் போறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் வேதகிரிக்கு லட்டைக் கொடுத்தாள். அவன் அதைப் பாதியாகப் பிட்டு ஒரு பாதியை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். இருவரும் படியில் நின்று சாப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் அவள் ஒருவரோடு சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

குழு வீணாகப் போகவில்லை. மார்த்தாள் வேண்டாம் என்று சொன்னதை வைத்தே அது ஓர் அறிக்கை தயாரித்தது. கிராமப் பெண்களும் உயர்கல்வியும் என்று அதற்குப் பெயர். அதை வெளியிடுகிற விழாவைக் கிராமத்திலேயே நடத்துவதுதான் முறை என்று, மறுபடியும் உத்திரமேரூரில் பந்தல் போட்டார்கள். வெளி மாகாணத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கிராமப் பெண்களைப் பற்றிய விழாவில் கிராமப் பெண்கள் இருக்கவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. காவாந்தண்டலத்தில் நிலம் வைத்திருக்கிற கிருஷ்ணசாமியிடம் சொல்லியனுப்பினார்கள். அவர் களையெடுப்பை நிறுத்திவிட்டுத் தன் வயலிலிருந்த பெண்களை அப்படியே வண்டிகளில் ஏற்றி அனுப்பினார். மார்த்தாளும் அவர்களில் ஒருத்தி.

பந்தலின் பின்பக்கம் தரையில் ஜமக்காளம் விரித்து அவர்களை உட்காரவைத்தார்கள். மார்த்தாளுக்கு ஒரு பக்கம் மூங்கில் கால். மறு பக்கம் முனியம்மாள். முனியம்மாள் அவளோடு ஒரே நிரையில் நடுகிறவள், களையெடுக்கிறவள். ஆனால் நேராக அவளிடம் பேசியதில்லை. மேடையில் தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தார். வெளி மாகாணத்தவர் இருந்ததால் ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு வருஷத்துக்கு மேல் கள ஆய்வு நடத்தியதாகச் சொன்னார். எல்லா வசதியும் செய்து கொடுத்தும், வாசற்படி வரைக்கும் பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோய் நிறுத்தியும், கிராமப் பெண்களுக்கு உயர்கல்வியில் நாட்டமில்லை என்பது சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டது என்றார். கூப்பிட்டோம், காத்திருந்தோம், ஒருத்திகூட வரவில்லை என்று முடித்தார். முன்வரிசையில் கைதட்டினார்கள். பின்வரிசைப் பெண்களும், முன்னால் தட்டுகிறார்களே என்று தட்டினார்கள்.

முனியம்மாள் கை தட்டுவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தயங்கி, மார்த்தாள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மே சொல்றாரு? ஒனக்குத்தான் புரியுமே."

மார்த்தாள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மளப் பத்தித்தான் சொல்றாருக்கா."

"இன்னான்னு?"

"கூப்ட்டாங்களாம். நம்மள்ல யாருமே வரலியாம்."

முனியம்மாள் ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மார்த்தாளின் தோளில் தோள் இடிக்க நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வந்து குந்திகினுதானடி கீறோம்" என்றாள்.